7,000 என்றார், 8,200 காட்டியது: ஒரு இரவல் போர்ஷே 917-இன் வழக்கு

பழைய பந்தயக் கார்களில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் பெரிய ஆர்.பி.எம். மீட்டர் ஒன்று இருக்கும். ஸ்பீடாமீட்டர் பெரும்பாலும் இருக்காது. எவ்வளவு வேகம் என்பதைப் பக்கத்தில் ஓடுகிற காரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எஞ்சின் என்ன பாடு படுகிறது என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். சில மீட்டர்களில் இரண்டாவதாக ஒரு மெல்லிய முள்ளும் உண்டு. பெரிய முள் ஏறும்போது சின்ன முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும். பெரியது இறங்கிவிடும். சின்னது எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும். ஓட்டியவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, "வண்டி பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொந்தக்காரர் குனிந்து அந்த முள்ளைப் பார்த்துவிடுவார். இங்கிலாந்துப் பட்டறைகளில் அதற்கு டெல்-டேல் என்று பெயர். நம் வாயில் சொன்னால், கோள்சொல்லி முள்.

2009-இல் லிங்கன்ஷயரில் உள்ள கேட்வெல் பார்க் என்ற ஓடுதளத்தில் அப்படி ஒரு முள் 8,200-இல் நின்றது. தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்த எல்லை 7,000. கார், போர்ஷே 917. அதன் சொந்தக்காரர் டேவிட் பைப்பர். ஓட்டியவர் மார்க் ஹேல்ஸ். எஞ்சின் போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியில், இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்தில் ஓட்டுபவர்கள், ஓட்டக் கொடுப்பவர்கள், வாங்கி ஓட்டுபவர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினார்கள்.

வழக்கை முதன்முதலில் படித்தபோது எனக்கும் "ஐயோ பாவம்" என்றுதான் தோன்றியது. யார் பாவம் என்பது படிக்கப் படிக்க மாறிக்கொண்டே போனது.

யார் இந்த இருவர்

டேவிட் பைப்பர் காசு சேர்ந்த பிறகு வேடிக்கைக்காகப் பழைய கார் வாங்கியவர் இல்லை. 1960-களில் தன் சொந்தக் கார்களைத் தானே கொண்டுபோய் ஓட்டிய தனியார் பந்தயக்காரர். அவருடைய ஃபெராரிகள் ஃபெராரிக்கே உரிய சிவப்பில் இருக்காது, பச்சையில் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் கயலாமி 9 மணி நேரப் பந்தயத்தை ஆறு முறை வென்றவர். 917-உடன் அவருக்கு இருந்த உறவும் சாதாரணமானது அல்ல. 1969-இல் அந்தக் கார் புதிதாக வந்தபோது அதிவேகத்தில் ஓரிடத்தில் நிற்காமல் அலைபாய்ந்தது. போர்ஷேயின் சொந்த ஓட்டுநர்களே தயங்கினார்கள். அந்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தில் அதை ஓட்ட ஃபிராங்க் கார்ட்னரையும் பைப்பரையும் வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் அந்த அடங்காத வண்டியை உடைக்காமல், கவிழ்க்காமல் எட்டாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மறு ஆண்டு, 1970-இல், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வைத்து ஸ்டீவ் மக்குயின் நடித்த படத்தின் படப்பிடிப்பில் பைப்பர் ஓட்டிய 917 விபத்துக்குள்ளானது. அவருடைய காலின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் பழைய கார்ப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் "7,000-ஐத் தாண்டாதே" என்று சொல்கிறார் என்றால், அது கஞ்சத்தனத்தில் வந்த எண் இல்லை.

மார்க் ஹேல்ஸும் சாதாரண ஆள் இல்லை. மோட்டார் எழுத்தாளர், கை தேர்ந்த பந்தய ஓட்டுநர். பழைய பந்தயக் காரில் ஏறி, ஓட்டி, அது எப்படி நடந்துகொள்கிறது என்று எழுத்தில் கொண்டுவருவது அவருடைய தொழில். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் பெரிய கார் சேகரிப்பாளர். மேசனின் கார்களைப் பற்றி அவரோடு சேர்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார் ஹேல்ஸ். அன்றைய வேலையும் அந்த வகைதான். பைப்பரின் போர்ஷே 917, மேசனின் ஃபெராரி 512 எஸ் இரண்டையும் ஒரே ஓடுதளத்தில் ஓட்டி, ஒப்பிட்டு, பத்திரிகைக்கு எழுத வேண்டும். 1970-இல் லெ மானில் ஒன்றையொன்று துரத்திய இரண்டு வகைக் கார்கள். அந்த ஆண்டு ஜெயித்தது 917. ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டினார்கள். போர்ஷேக்கு லெ மானில் அதுதான் முதல் ஒட்டுமொத்த வெற்றி. மறு ஆண்டும் 917-தான். அந்தப் பழைய சண்டையை வாசகருக்கு மறுபடி காட்டுவது என்றால் எந்த எழுத்தாளருக்கும் கை துறுதுறுக்கும்.

வண்டி எப்படிப்பட்டது

வழக்கின் முடிச்சே எஞ்சினில் இருப்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1969 ஏப்ரலில் 25 கார்களைத் தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, பந்தய அமைப்பின் அதிகாரிகளிடம் எண்ணிக் காட்டியது போர்ஷே. 25 செய்தால்தான் அந்தப் பிரிவில் அனுமதி. பின்னால் இருந்த எஞ்சினை வடிவமைத்தவர் ஹான்ஸ் மெட்ஸ்கர். ஆறும் ஆறுமாக எதிரெதிரே படுத்திருக்கும் 12 சிலிண்டர்கள். தண்ணீர் கிடையாது, மேலே கிடையாகச் சுழலும் பெரிய மின்விசிறி போன்ற ஒன்று காற்றை அள்ளிக் கொட்டிக் குளிர்விக்கும். கிராங்க் தண்டு நீளமாக இருந்ததால் முறுக்கிக்கொண்டு அதிரும் என்று, சக்தியை அதன் நுனியிலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து பல்சக்கரம் வைத்து எடுத்தார்கள். பிஸ்டன்களைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் டைட்டானியம். காரின் எலும்புக்கூடு முழுக்க அலுமினியக் குழாய்; அதன் எடை ஐம்பது கிலோவைக்கூடத் தொடாது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

முதல் 4.5 லிட்டர் எஞ்சினுக்கு போர்ஷே சொன்ன கணக்கு 8,400 ஆர்.பி.எம்.-இல் 580 குதிரைத்திறன். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பலர் ஒரு கேள்வி கேட்டார்கள். தொழிற்சாலையே 8,400 வரை போகலாம் என்று வடிவமைத்த எஞ்சின், 8,200-இல் எப்படி உடையும்? ஓட்டியவர் மேல் என்ன தவறு?

கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 8,400 என்பது 1969-இல், புத்தம்புதுப் பாகங்களோடு, ஒரு பந்தயம் முடிந்தால் பிரித்து மேய்ந்துவிடப் போகிற எஞ்சினுக்குச் சொன்ன எண். பின்னால் ஒரு தொழிற்சாலையும், கிடங்கு நிறைய உதிரிபாகங்களும், இரவு முழுக்க வேலை செய்யும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே எஞ்சின் ஒரு தனி மனிதரின் கொட்டகையில் நிற்கிறது. உடைந்தால் கடையில் வாங்க முடியாது. சிலதைப் புதிதாகச் செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும். உலோகம் களைப்பைக் கணக்கு வைத்திருக்கும். ஒவ்வொரு சுழற்சியும் ஒரு சின்னக் கடன். அதனால் சொந்தக்காரர்கள் தொழிற்சாலை எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போடுவார்கள். பழைய கார்ப் பந்தயங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். அந்தக் கோடு எங்கே என்பது அந்த எஞ்சினை எப்போது, யார், எப்படிப் பிரித்துக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. அதை அறிந்தவர் சொந்தக்காரர் ஒருவர்தான்.

7,000-க்கும் 8,200-க்கும் வித்தியாசம் வெறும் 17 சதவீதம்தானே என்று தோன்றலாம். ராடின் மேல் விழும் இழுவிசை சுழற்சியின் வேகத்தோடு நேராக ஏறாது, அதன் வர்க்கமாக ஏறும். கணக்குப் போட்டால் 17 சதவீதம் வேகம் கூடினால் ராடுக்கு 37 சதவீதம் சுமை கூடும். 7,000-இல் கிராங்க் தண்டு ஒரு வினாடிக்கு சுமார் 117 முறை சுற்றுகிறது. 8,200-இல் 137 முறை. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பிஸ்டனும் இரண்டு முறை நின்று திரும்ப வேண்டும். இதற்கு நடுவில் வால்வுகள் வேறு. கேம் தள்ளினால் திறந்து, ஸ்பிரிங் இழுத்தால் மூட வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் ஸ்பிரிங்கால் ஈடு கொடுக்க முடியாது. வால்வு மூடப் பிந்தும்; மேலே வருகிற பிஸ்டன் காத்திருக்காது. இரண்டும் முட்டிக்கொண்டால் அப்புறம் பேச ஒன்றுமில்லை, பில்தான். பொதுவாக, எல்லை மீறிய எஞ்சின் சாவது ராடு உடைவது, வால்வு பிஸ்டனில் முட்டுவது என்ற இந்த இரண்டு வழிகளில் ஒன்றில்தான்.

அந்த ஒரு நொடி

கேட்வெல் பார்க் மேடும் பள்ளமுமாக, குறுகலாக, வளைந்து நெளிந்து போகும் தளம். 1930-களில் மோட்டார் சைக்கிள்களுக்காகத் தொடங்கியது. சில்வர்ஸ்டோன் மாதிரி விமானதளத்தில் பிறந்த தட்டையான ஓடுதளம் இல்லை. லெ மானில் ஒரே நேர்கோட்டில் கிலோமீட்டர் கணக்கில் மிதித்துக்கொண்டே போகப் பிறந்த 917-ஐ இங்கே ஓட்டுவது, கோயில் யானையைச் சந்துக்குள் ஓட்டிப் போவது போல. கியர் மாற்றும் வேலை அதிகம்.

கியர் மாற்றும்போதுதான் அது நடந்தது. காரும் கவிழவில்லை, சுவரிலும் மோதவில்லை. எஞ்சின் முழுச் சக்தியில் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர் பிடிக்காமல் போனால், எஞ்சின் சுமந்துகொண்டிருந்த காரின் பாரம் திடீரென்று காணாமல் போகும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கத்தார் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டுவிட்டால் இந்தப் பக்கத்தார் எப்படிப் பின்னால் போய் விழுவார்களோ, அப்படி. 917 எஞ்சினில், சட்டென்று வேகம் ஏறவிடாமல் பிடித்து வைக்கும் கனமான ஃபிளைவீல் சக்கரம் இல்லை. முள் ஏறுவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் ஆக்ஸிலரேட்டரை விடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

முள் 8,200 என்று சொல்லியதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை, ஏன் என்பதில்தான். கோள்சொல்லி முள்ளுக்கு எவ்வளவு என்பதைச் சொல்லத் தெரியும், ஏன் என்பதைச் சொல்லத் தெரியாது.

ஹேல்ஸ் சொன்னது: கியர் தானாக வெளியே துள்ளிவிட்டது. அதாவது, கியர்பாக்ஸின் கோளாறு, என் கையின் கோளாறு அல்ல. பைப்பர் தரப்பு சொன்னது: கியரை முழுதாகப் போடவில்லை.

கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த இரண்டு கதைகளும் எவ்வளவு பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று. கியரில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும் பற்கள் உண்டு. முழுதாக உள்ளே போய்விட்டால் சுமை ஏற ஏற இன்னும் இறுகப் பிடிக்கும்படி நல்ல கியர்பாக்ஸில் பல்லைச் சீவியிருப்பார்கள். பற்கள் தேய்ந்து முனை மழுங்கியிருந்தாலோ, தள்ளுகிற ஃபோர்க் வளைந்திருந்தாலோ முழுதாகப் போட்ட கியரும் சுமை மாறும் நேரத்தில் வெளியே வழுக்கி வந்துவிடும். இது வண்டியின் குற்றம். ஆனால் முக்கால்வாசி மட்டும் உள்ளே போன கியரும் ஒரு கணம் பிடித்த மாதிரி பாவனை காட்டிவிட்டு அதே போலத்தான் வெளியே வரும். இது கையின் குற்றம். ஓட்டுநரின் உள்ளங்கைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: போட்டேன், வந்துவிட்டது. ஹேல்ஸ் பொய் சொன்னார் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அவருடைய கைக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

நீதிபதி சைமன் பிரவுன் இரண்டாவது கதையை ஏற்றார். கியர் சரியாகப் போடப்படாததால்தான் எஞ்சின் எல்லை மீறியது என்பது அவர் முடிவு.

என்ன பேசிக்கொண்டார்கள்

இருவருக்கும் நடுவில் கையெழுத்துப் போட்ட விரிவான ஒப்பந்தம் எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக ஒரே வட்டத்தில் இருப்பவர்கள். வாய்ப்பேச்சிலும் நம்பிக்கையிலும் நடந்த ஏற்பாடு. ஓடுதளத்தில் "7,000-ஐத் தாண்டக் கூடாது, தாண்டி ஏதாவது ஆனால் செலவு உங்களுடையது" என்று சொன்னேன் என்பது பைப்பரின் பக்கம். காரை இரவல் வாங்கியபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் சரிசெய்யும் செலவு ஓட்டியவருடையது என்பதுதான் ஏற்பாடு என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்துப் பந்தய வட்டாரத்தில் இதற்கு ஒரு வழக்கமான வசனமே உண்டு: வளைத்தவன்தான் நிமிர்த்தவும் வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் இது புரியாத விஷயம் இல்லை. அடுத்தவர் பொருளை ஒரு வேலைக்காக வாங்கிக் கையில் வைத்திருப்பவருக்கு அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. ஆங்கிலேயரிடமிருந்து நமக்கும் வந்த கோட்பாடுதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவைப் பாருங்கள்: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தை இரவல் பொருளுக்கும் காட்ட வேண்டும் என்கிறது. அடுத்த 152-ஆம் பிரிவு, அப்படிக் கவனமாக இருந்தும் பொருள் கெட்டுப்போனால் இரவல் வாங்கியவர் பொறுப்பல்ல என்கிறது. ஆனால் ஒரு சின்ன வாலோடு: வேறு தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால்.

அந்த வால்தான் இங்கே எல்லாமே. 7,000 என்ற எண்ணை வாயால் சொல்லி, செலவு யாருடையது என்பதையும் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே தனி ஒப்பந்தம். வழக்கு முழுக்க கியர்பாக்ஸைப் பற்றியது என்று பலர் நினைத்தார்கள். ஹேல்ஸைத் தூக்கிப்பிடித்தவர்கள் கியர்பாக்ஸையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பார்வையில் வழக்கு முடிந்தது கியர்பாக்ஸில் இல்லை. கார் புறப்படும் முன்பே, அந்த எண்ணைச் சொல்லி, அந்த எண்ணைக் கேட்டுக்கொண்ட நிமிடத்தில் பாதி முடிந்துவிட்டது. கியர் தானாகத்தான் துள்ளியது என்று ஹேல்ஸ் நிரூபித்திருந்தால்கூட அவர் முழுதாகத் தப்பித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பில்

சுமார் 48,000 பவுண்ட் எஞ்சின் செலவு. அது கூடப் பரவாயில்லை. தோற்றவர் ஜெயித்தவரின் வழக்குச் செலவையும் கட்ட வேண்டும் என்பது இங்கிலாந்து நடைமுறை. அது 63,000 பவுண்டுக்கு மேல் வந்தது. இரண்டும் சேர்த்து 1,10,000 பவுண்டைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் தொண்ணூறு லட்சம் ரூபாய்க்கு மேல். எஞ்சினைவிட எஞ்சினைப் பற்றிய சண்டை விலை கூடுதலாகிவிட்டது. தன்னுடைய வக்கீலுக்கு ஹேல்ஸ் கொடுத்தது இதில் சேராது.

கார் பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் மதிப்புள்ளது. ஓட்டியவர் பத்திரிகை எழுத்தை நம்பி வாழ்பவர். இந்த இடத்தில்தான் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஹேல்ஸ் திவாலாகும் நிலை என்று செய்தி வந்ததும் நண்பர்களும் வாசகர்களும் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். இவ்வளவு சொத்து வைத்திருப்பவர் ஒரு எழுத்தாளனை இப்படி நசுக்கலாமா என்று ஒரு பக்கம். அடுத்தவர் எஞ்சினை உடைத்தால் காசு கொடுக்க வேண்டாமா என்று மறுபக்கம்.

பணக்காரர் பாவம் இல்லை என்ற வாதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. கார் விலை ஏறியிருப்பது சொந்தக்காரரின் பையில் பணமாக இல்லை, விற்றால்தான் பணம். ஓட்டிக்கொண்டே இருந்த பைப்பர் மாதிரி ஆட்களுக்கு எஞ்சின் பில் என்பது நிஜமான பில். அதே நேரம், ஹேல்ஸ் மேல் விழுந்த பாரம் அவர் வாங்கியிருக்கக்கூடிய எந்தச் சம்பளத்துக்கும் பொருந்தாத பாரம் என்பதும் உண்மை. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்பார்கள் நம் பக்கத்தில். சில ஆயிரம் வார்த்தைக் கட்டுரைக்காக வீட்டையே பணயம் வைக்கிறோம் என்று காரில் ஏறும்போது அவருக்குத் தோன்றியிருக்காது. ஏறும் எழுத்தாளர்கள் யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்ஷூரன்ஸ் எங்கே போனது என்று கேட்கலாம். ஓடுதளத்தில் ஓட்டும் காருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. கார் சுவரில் மோதினால், தீப்பிடித்தால் அது உதவும். எஞ்சின் உள்ளுக்குள்ளேயே உடைந்தால் பொதுவாக உதவாது. இயந்திரக் கோளாறு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். 917-ஐ முட்டி நொறுக்கியிருந்தால்கூட ஒருவேளை ஹேல்ஸுக்கு இவ்வளவு சிக்கல் வந்திருக்காது. ஒரு கீறல்கூட விழாமல் கொண்டுவந்து நிறுத்தியதுதான் அவரைச் சாய்த்தது.

பந்தயத்துக்கு வந்தால்

இதுவோ பத்திரிகைக்கான ஓட்டம். பந்தயத்தில் இரவல் இன்னும் அதிகம். இங்கிலாந்தின் குட்வுட் ரிவைவல் என்ற பழைய கார்ப் பந்தய விழாவையே எடுத்துக்கொள்வோம். 1948 முதல் 1966 வரை பந்தயம் நடந்த ஓடுதளம், 1998 செப்டம்பரில் அதே பழைய கோலத்தில் மறுபடி திறந்தது. பார்வையாளர்கள்கூட அந்தக் கால உடையில் வருவார்கள். அங்கே ஆர்.ஏ.சி. டி.டி. நினைவுப் பந்தயத்தில் ஒரு காரைச் சொந்தக்காரரும் ஒரு தொழில்முறை ஓட்டுநரும் மாறி மாறி ஓட்டுவார்கள். ஜாகுவார் ஈ-டைப், ஏ.சி. கோப்ரா, ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மாதிரி கார்கள். ஜி.டி.ஓ. மொத்தமே நாற்பதுக்குள்தான் செய்தார்கள். அதில் முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஒருவர் ஏறி, குறுகலான அந்தக் கால டயரில் வழுக்கிக்கொண்டே ஓட்டும்போது கூட்டம் கத்துகிறது. கத்தாத ஒரே ஆள் பிட் சுவரில் நிற்கும் சொந்தக்காரர். பந்தயத்தில் முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி வேறு சேர்ந்துகொள்ளும். 7,000 என்று சொன்ன எண் அந்த நேரத்தில் யார் காதில் விழும்?

சொந்தக்காரர்கள் சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள்: உண்மையான எல்லை 7,500 என்றால் ஓட்டுநரிடம் 7,000 என்று சொல்வது. ஓட்டுநர்களுக்கும் இது தெரியும்; 7,000 என்றால் 7,300 வரை போகலாம் போல என்று அவர்களே ஒரு கூட்டல் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அரிசிக் கடையில் பேரம் பேசுவது போல இரண்டு பக்கமும் எண்ணை வளைக்கிறார்கள். எனக்கு இந்தப் பழக்கம் பிடிப்பதில்லை. ஒரு எண்ணைச் சொன்னால் அது நிஜ எண்ணாக இருக்க வேண்டும், கேட்டவன் அதை நிஜ எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனால் அந்த எண் அப்படியே, கூட்டலும் கழித்தலும் இல்லாமல்தான் நிற்கும் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

இன்னொரு வழி, மின்னணு முறையில் பற்றவைப்பைத் துண்டிக்கும் ரெவ் லிமிட்டர். எல்லையைத் தொட்டதும் ஸ்பார்க் நின்றுவிடும். கியர் கை நழுவிய நேரத்தில் இது காப்பாற்றும். கேட்வெலில் நடந்தது போன்றதை இது தடுத்திருக்கக்கூடியது. ஆனால் மேல் கியருக்குப் பதில் தவறிக் கீழ் கியரில் தட்டிவிட்டால் இதனால் பயனில்லை. அப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். ஸ்பார்க் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. பழமையைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் அந்தக் காலக் காரில் இந்தக் காலக் கருவியா என்று முகம் சுளிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வைக்கலாம் என்பது என் கட்சி.

இரவல் கொடுக்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை, அரைத் தாள் போதும். ஆர்.பி.எம். எல்லை எவ்வளவு, எஞ்சின் உள்ளுக்குள் உடைந்தால் யார் செலவு, எந்தத் தொகை வரை, கியர்பாக்ஸ் கடைசியாக எப்போது பிரிக்கப்பட்டது, மோதலுக்கு இன்ஷூரன்ஸ் யார் பெயரில். இதில் "எந்தத் தொகை வரை" என்பதை எழுத்தாளர்கள் விடாப்பிடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் சில சொந்தக்காரர்கள் சாவியைத் தர மாட்டார்கள். தராவிட்டால் போகட்டும்.

பைப்பரும் ஹேல்ஸும் நண்பர்களாகத்தான் அன்று காலை அங்கே நின்றிருப்பார்கள். தாளை நீட்டினால் நம்பிக்கையில்லையா என்று மற்றவர் நினைத்துக்கொள்வாரோ என்ற கூச்சம், பழைய கார் வட்டாரத்தில் நம் கல்யாண வீட்டுக் கூச்சத்துக்குக் குறைந்தது இல்லை. மொய் எழுதும்போதாவது நாம் நோட்டில் எழுதி வைக்கிறோம்.

இப்போது எனக்குத் தெரிந்து கவனமான மெக்கானிக் செய்வது இதுதான்: ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்ட பிறகு, கதவை மூடும் முன், அவர் பார்க்கவே கோள்சொல்லி முள்ளைத் திருப்பிச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. வண்டி திரும்பி வந்து நின்றதும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன் இன்னொரு படம்.